லூதியானா இஞ்சின் எங்கள் உப்பளத்துக்கு வந்த நியாயம்

மரக்காணம்
புதன்கிழமை, மழை விட்ட நேரம்

அன்புள்ள மச்சான் பிரபாகரனுக்கு,

உன் அக்கா புருஷன் பச்சமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஆண்டாளும், கூரை ஒழுகும் இடம் தவிர வீட்டின் மற்ற எல்லா இடத்திலும் நலமாக இருக்கிறோம். அங்கே திருச்சியில் நீயும் சங்கீதாவும் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் ஸ்டேட்டஸில் வைத்த வீடியோவில் நம்ம பொம்மை ரயில் ஓடும்போது ‘பாம்’ என்று நீளமாக ஒரு சத்தம் வருகிறதே, அது இஞ்சினிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்து வருகிறது. ஐம்பத்து மூன்று வயது ஆள் மேசைமேல் தாடையை வைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பதை, சர்க்கரை கேட்க வந்த பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் வாசலில் நின்று ஒரு டிரிப் முழுக்கப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தெருவில் எனக்கு வழிவிடுகிறவர்கள் எல்லாம் ‘பாம்’ சொல்லிவிட்டுத்தான் வழிவிடுகிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மச்சான். ஆனால் நீ அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்து, இஞ்சின் பக்கவாட்டில் அதன் சொந்த ஷெட்டுப் பெயராக எறும்பு சைஸில் லூதியானா என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து, "பஞ்சாப் ஷெட்டு டீசலு மரக்காணத்துல எப்படி மாமா ஓடும்? ஞாயித்துக்கிழமை எங்க மாடல் ரயில் சங்கத்து ஆளுங்க நாலு பேரக் கூட்டிக்கினு வர்றேன். அதுக்குள்ள அத எடுக்கலன்னா தண்டவாளம், டிரான்ஸ்பார்மர் எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கினு போயிடுவேன்" என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நான் பேசுவதை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தண்டவாளம் நீ வாங்கிக் கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பலகை என்னுடையது, மண் என்னுடையது, துடைப்பக் குச்சியில் செய்த பனைமரம் நாற்பத்தொன்றும் என்னுடையது. உப்பளத்தில் வேலை இல்லாத மழைக்காலம் இரண்டு முழுசாக உட்கார்ந்து செய்தேன். நீ தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனால் மிச்சம் நிற்பது ஒரு பலகையில் ஒரு குட்டி உப்பளம். உப்பளத்தைப் பார்க்க எனக்குப் பலகை எதற்கு? வாசல் கதவைத் திறந்தால் போதும். ரயில் ஓடுவதால்தான் அது விளையாட்டு, இல்லாவிட்டால் அது என் வேலை.

இப்போது நியாயத்துக்கு வருவோம். மரக்காணத்தில் ரயில் இருக்கிறதா? இல்லை. ரயில் பார்க்கவேண்டும் என்றால் பஸ் பிடித்துத் திண்டிவனம் போகவேண்டும். ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு நீயாக ஸ்டேஷன் வைத்து, மஞ்சள் போர்டில் மூன்று பாஷையில் மரக்காணம் என்று எழுதி, பிளாட்பாரத்தில் வடை விற்கிற ஆளையும் நிறுத்திவிட்டாய். நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஊருக்கே வராத ரயிலில், இஞ்சினுக்கு மட்டும் ஆதார் கார்டு கேட்கிறாயே மச்சான். நம்ம ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் போகிற ஆம்னி பஸ்ஸில் பாதிக்கு நாகாலாந்து நம்பர் பிளேட்டு, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற கோட்டக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு புதுச்சேரி நம்பர் வண்டி, கூனிமேட்டு ஓட்டலில் பரோட்டா போடுகிற மாஸ்டர் பீகார்க்காரர், அவர் போடுகிற பரோட்டாவை நீ ஒருதடவை எட்டு தின்றாய். அப்போது எந்த ஷெட்டு என்று கேட்கவில்லை. அதை விடு. என் சைக்கிள் இருபத்திரண்டு வருஷமாக வரப்புமேல் ஓடுகிறது, அதன் செயின் கவரில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? லூதியானா. நேற்றுதான் துடைத்துப் பார்த்தேன். ஆக, அந்த ஊர்ச் சரக்கு நம்ம உப்பளத்தில் நீ சட்டை போடாமல் திரிந்த காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. நீ மட்டும் என்ன? மரக்காணத்து ஆள், பொன்மலை ரயில்வே ஆபீஸில் உட்கார்ந்து பைல் பார்க்கிறாய். உன்னைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ என்று யாராவது எனக்குக் கடிதம் போட்டார்களா?

நான் சொல்வது மட்டும் போதாது என்று மேஸ்திரி சடையப்பனைக் கூட்டிவந்து காட்டினேன். முப்பது வருஷம் உப்பு வாரின ஆள். குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு சுற்று பார்த்தான்.

"பஞ்சாப் வண்டி இங்க எதுக்குப்பா வந்துது?"

"உப்பு ஏத்த."

"அங்க உப்பு கெடையாதா?"

"கடல் இருந்தாதான உப்பு."

"ஆமா இல்ல," என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். வாசலில் செருப்புப் போடும்போது மட்டும் திரும்பி, "போறப்ப சரக்கோட போவுது சரி, வர்றப்ப காலியாவா வருது? கோதும ஏத்தி வரச் சொல்லு," என்றான். மச்சான், நீ அனுப்பிய ஆறு பக்கப் பிரிண்டில் எந்த இஞ்சின் எந்த ரூட்டில் ஓடலாம் என்று எல்லாம் இருக்கிறது. வரும்போது கோதுமை ஏற்றலாம் என்கிற யோசனை அதில் எங்கேயாவது இருக்கிறதா?

அந்த இஞ்சின் கிடைத்த கதையையும் கேள். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு புதுச்சேரிச் சந்தையில், பழைய ரிமோட்டும் உடைந்த இஸ்திரிப் பெட்டியும் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம், சிவப்பும் வெள்ளையுமாகச் சிரித்துக்கொண்டு கிடந்தது. "பாய், இது எந்த ஊரு வண்டிங்க?" என்று கேட்டேன். "எடுத்துக்கினு போனீங்கன்னா உங்க ஊரு வண்டி," என்றார். ஒரே வரியில் பிரச்சினை முடிந்தது. உன் ஆறு பக்கத்துக்கும் அந்த மனுஷர்தான் பதில்.

நீ சொன்ன இன்னொரு குறைக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். உப்புக் குவியலுக்குக் கோலமாவு போடு, பாத்தியில் தண்ணீருக்குப் பதிலாகக் கண்ணாடித் தாளை ஒட்டு என்று படித்துப் படித்துச் சொன்னாய். உப்பளத்துக்காரன் வீட்டில் கோலமாவைக் குவித்து இது உப்பு என்று காட்டினால் நான் தெருவில் தலைகாட்ட முடியுமா? என் பாத்தியில் நிற்பது நிஜக் கடல்தண்ணீர். ஃபேனைப் போட்டால் ஒன்பதாம் நாள் உப்பு விளைந்துவிடுகிறது. கார்த்திகை மாசத்தில் மரக்காணத்திலேயே உப்பு விளைகிற ஒரே பாத்தி அதுதான். ஸ்பூனால் வாரி வண்டியில் ஏற்றுகிறேன், லூதியானா இழுத்துக்கொண்டு மேசையின் இந்தக் கோடிக்குக் கொண்டுவருகிறது, நேற்று ரசத்துக்கே அந்த உப்புதான் போட்டாள் உன் அக்கா. உங்கள் சங்கத்தில் எவருடைய ரயிலாவது சமையலுக்குச் சாமான் கொண்டுவந்திருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை நானே கேட்கப்போகிறேன். தண்டவாளம் அங்கங்கே கொஞ்சம் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. அது மழைக்காலம், எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

அப்படியானால் தண்டவாளத்தோடு நீ வாங்கிக் கொடுத்து, இதற்கு முன்னால் ஓடின பொன்மலை ஷெட்டு இஞ்சின் எங்கே என்று கேட்பாய். பத்திரமாக இருக்கிறது. ஓடின இஞ்சினுக்கு ஷெட்டில் ஓய்வு கொடுத்து ஓவர்ஹால் பண்ணவேண்டும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? அதுதான் நடக்கிறது. தூசி படாத, கை படாத, ஈரம் அண்டாத இடம். அதைப்பற்றி நீ ஒரு துளியும் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே லூதியானா இஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும், நீயும் உன் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் வரவேண்டும், இறால் தொக்குச் செய்து வைக்கச் சொல்கிறேன். உன் ஆபீஸில் பைல்கள் தாமாக நகரட்டும், சங்கீதாவின் முட்டிவலி வந்த வழியே போகட்டும், உன் கோபமும் அதே பஸ்ஸில் ஏறட்டும் என்று நம்ம தெரு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அந்தோணியம்மாளும் உன்னை விசாரித்தாள். ‘பாம்’ சொல்லச் சொன்னாள்.

உன் அன்பு மாமா,
பச்சமுத்து

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. மேலே எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, நான் ஹாரன் அடிப்பதில் கவனமாக இருந்தபோது உன் பொன்மலை இஞ்சின் வளைவில் சாய்ந்து பாத்திக்குள் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஓடவில்லை. மறுநாள்தான் நான் புதுச்சேரிச் சந்தைக்குப் போனது. சந்தையில் வேறு இஞ்சின் இல்லை. போன் நனைந்தால் அரிசியில் போட்டு வைக்கிறார்களே, அதேமாதிரி பொன்மலையை அரிசி டப்பாவின் அடியில் புதைத்து வைத்திருந்தேன். முருங்கைக்காய்த் துண்டு அளவு வண்டி, வெளியே தெரியவில்லை. உன் அக்காவிடமும் சொல்லவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு நீ அவளுக்குப் போன் போட்டு லூதியானாவைப்பற்றி இருபது நிமிஷம் பேசினாய். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நீ சொல்வதற்கெல்லாம் ‘ம்’ கொட்டிக்கொண்டே, டப்பாவின் அடியில் இருந்த அரிசியை அப்படியே குக்கரில் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாள். மூன்று விசில் வந்தது. உனக்கும் கேட்டிருக்கும்.