வந்தவரெல்லாம் நல்லவர்

புவெனஸ் அயர்ஸில் பல் பிடுங்க ஆள் கிடைக்காமல் போகலாம். மனசைக் கிளறிப் பார்க்க ஆள் கிடைக்காமல் போகாது. அப்பேர்ப்பட்ட ஊரிலேயே ஆலோசகர் பௌசாவின் வாசலில்தான் பெருங்கூட்டம். செல்பேசியில் நாலாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். கொடுக்காமல் என்ன செய்வார்கள்? உள்ளே வந்தவரெல்லாம் நல்லவர், வீட்டில் இருப்பவர்தான் கெட்டவர் என்பது அவருடைய வேதம்!

நோர்மா நாலு மாதமாகப் போய்வருகிறாள். சாப்பாட்டு மேசையில் கணவன் ஒஸ்வால்தோ வாய் திறப்பதில்லை என்பது அவள் குறை. பௌசா சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "துணை விஷம். விலகுங்கள்." பதினெட்டு வருடக் குடித்தனம் ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கதவருகே வந்துவிட்டது.

தங்கை நெலிதா மருத்துவமனையில் நர்ஸ். மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்க்கா, அந்தாளு அத்தானைப் பாத்திருக்காரா?"

"பாக்காமலே சொல்லிடுவாருடி. அவ்வளவு அனுபவம்!"

"அப்ப ஒரு தடவை பாக்கட்டுமே."

மறுநாள் நெலிதா சொன்னபடி ஒஸ்வால்தோ தனியாகப் போனான். அந்த ஊரில் மனைவிக்குத் தகப்பன் வீட்டுப் பெயர், கணவனுக்கு அவன் வீட்டுப் பெயர். இவன் யார் என்று பௌசாவுக்குத் தெரியவில்லை. அவனும் ஒரு சீட்டோடு திரும்பினான். "துணை விஷம். விலகுங்கள்."

இரண்டு சீட்டும் மேசையில் கிடந்தன. நோர்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"நீ ஏன்யா பேசவே மாட்டேங்குற?"

"பட்டறையில ஆள் குறைக்கிறாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளுக்கு அழுகை வந்தது. நாலு மாதத்தில் பௌசா கேட்கச் சொல்லாத ஒரே கேள்வி அதுதான்.

மூவரும் கிளம்பி, ஆட்கள் நிறைந்திருந்த பௌசாவின் கூடத்துக்குப் போனார்கள்.

"எங்க ரெண்டு பேர்ல யாரு சார் விஷம்?" என்றாள் நோர்மா, சீட்டுகளை உயர்த்திப் பிடித்து.

பௌசாவுக்கு வியர்த்தது. "வர்றவங்க திருப்தியா போகணும்மா. இது ஒரு சேவை."

"சேவையா? அப்ப சரக்கு சரியில்ல. காசைத் திருப்பிக் குடுங்க" என்றாள் நெலிதா.

"அதெப்படி? இது சிகிச்சை! சிகிச்சைக்குக் காசைத் திருப்புவாங்களா?"

"சிகிச்சையா? அப்ப உரிமத்தைக் காட்டுங்க."

"நான் எப்பம்மா டாக்டர்னு சொன்னேன்? நான் செய்யறது சேவை!"

கூடமே சிரித்தது. ஒருவர் மட்டும் தம் முறை எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பெட்டி அலமாரிக்குத் திரும்பியது. செருப்புக் கடைக்காரன்கூட நம் காலைப் பார்த்துத்தான் செருப்பை எடுக்கிறான். மனசுக்கு மருந்து கேட்கப் போகிறவர்களே, நட்சத்திரம் குத்தும் விரலுக்குக் கொடுக்கும் வேலையில் கொஞ்சம் மூளைக்கும் கொடுங்கள்!