மைத்துனர் கட்டிலை அறுத்த வகையில்

பிள்ளைகள் இல்லம், கபாண்டா,
பிப்ரவரி 21.

மகா கனம் பொருந்திய ஹெட்மாஸ்டர் ராப்சன் மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கை லுசுங்குவின் கணவன் பாஸ்டர் சகேயு தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் லுசுங்குவும் முப்பது பிள்ளைகளும் இரண்டு ஆடுகளும் கர்த்தருடைய கிருபையால் சுகம். தெற்கே தாங்களும் அவ்வாறே சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாவ அறிக்கையைப் பற்றி இந்த மலைப்பக்கத்துச் சபைகளில் முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்கிறேன். அது இவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் மாற்றலாகிப் போனபோது, "மாப்ளே, இதைப் பத்திரமா பாத்துக்கோ, என் நாலு பிள்ளையும் பொறந்த கட்டில்" என்று சொல்லி எங்கள் சாமான் அறையில் பிரித்து வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த வேங்கைக் கட்டில் இப்போது இல்லை. அதாவது இருக்கிறது, ஆனால் நான்காக இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், ஜனவரி கடைசியில் மாவட்ட நல அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பன்னிரண்டாம் தேதி திருமதி லுஹங்கா என்ற அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார், ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில் இருக்க வேண்டும், கட்டில் இல்லாத பிள்ளைகளை இடம் இருக்கிற வேறு வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று. எங்களிடம் கட்டில் இருபத்தாறு, பிள்ளைகள் முப்பது. கடைசியாக வந்த நாலு பேர் யார் என்றால், கிறிஸ்துமஸுக்கு விட்டுப்போய் இன்னும் யாரும் கூப்பிட வராத மாசிதா ஒருத்தி, மற்ற மூவர் ஏரிக்கரை வெள்ளத்தில் வீடும் பெற்றவர்களும் போன திவோங்கேயும் அவளுடைய இரண்டு தம்பிகளும். திவோங்கேக்கு எட்டு வயது. சின்னத் தம்பி அவள் பாவாடையை விட்டால் அழுவான், பெரிய தம்பி சின்னவன் அழுதால் அழுவான். இந்த மூன்றையும் மூன்று ஊருக்கு அனுப்புவதை நினைத்து லுசுங்கு இரண்டு நாள் களி கிண்டவில்லை. நான் கிண்டினேன். பிள்ளைகள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள்.

எட்டாம் தேதி கட்டில் கேட்டுச் சபை மாவட்டக் கூட்டத்துக்குப் போனேன். மூப்பர்கள் மூன்று நாள் பேசி, கட்டில் மிக அவசியம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, ஜெபித்து, வெளிநாட்டுச் சபையார் அனுப்பிய ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தேன். நாற்பது கம்பளிக் குல்லாய். அதற்காகவும் ஸ்தோத்திரம், இந்த மலையில் குளிர் தொடங்குகிற மே மாதத்துக்கு ஆகும். ஆனால் குல்லாயில் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாதே என்று மனம் நொந்து நிற்கும்போது சாமான் அறைக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அறையில் பார்த்தால், மேல்தட்டும் கீழ்த்தட்டுமாக இரண்டு புது அடுக்குக் கட்டில்கள், நாலு பேர் படுக்கலாம், நல்ல சிவந்த வேங்கை. தச்சர் ஜைலோஸ் மரத்தூளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"லுசுங்கு, இது எந்தக் கட்டில்?" என்றேன்.

"ஏங்க, நாளைக்கு அந்தம்மா வருது. கட்டில் எங்கேருந்து வந்துச்சுன்னு அது கேக்காது, நீங்க ஏன் கேக்குறீங்க?" என்றாள் தங்கள் தங்கை.

தங்கள் தங்கையிடம் இரண்டாம் கேள்வி கேட்கிற தைரியம் தங்களுக்கே இருந்ததில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானும் கேட்கவில்லை.

ஜைலோஸ் நல்ல வேலைக்காரர், குறை சொல்லக்கூடாது. ஆனால் இருபது வருஷமாக அவர் செய்தது சவப்பெட்டி மட்டும். அளவு நாடாவோடு வந்து நீளம் பார்த்தபோதே பிள்ளைகள் ஆட்டுப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டார்களாம். கட்டிலுக்கும் பழக்கதோஷத்தில் பக்கத்துக்கு மூன்று பித்தளைக் கைப்பிடி அடித்துவிட்டார்.

மறுநாள் திருமதி லுஹங்கா வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரிக்காத முகம், கையில் அட்டை. முதலில் கட்டிலை எண்ணினார். முப்பது. அடுக்குக் கட்டில் பக்கத்தில் நின்று, "பாஸ்டர், இதுக்கு எதுக்குக் கைப்பிடி?" என்றார். எனக்குப் பொய்யும் வராது, உண்மையும் வரவில்லை. ஜைலோஸ்தான், "கை பழக்கம் மேடம். மூடி போடலையே, அதைப் பாருங்க" என்றார். அந்தம்மா அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளை எண்ணினார். முப்பத்தைந்து. மறுபடி எண்ணினார். முப்பத்தேழு. பட்டியலில் பெயர் இல்லாத ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்கு அப்பா அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்புறம் இங்க என்ன பண்றே?"

"எங்க வீட்ல இன்னிக்குக் கீரை. இங்க பீன்ஸ்."

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கழித்து எண்ணி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலம் முங்கிவிட்டது. அதிகாரியம்மா இரண்டு நாள் இங்கேயே மாட்டிக்கொண்டார். லுசுங்குவோடு எங்கள் அறையில் படுத்தார், நான் கோயில் பெஞ்சில் படுத்தேன். காலையில் பல் துலக்கிக்கொண்டே அவர் பிள்ளைகள் அறைக்குள் எட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன். அடுக்குக் கட்டிலில் இரண்டு இடம் காலி. கீழ்த்தட்டில் திவோங்கே நடுவில், ஆளுக்கொரு பக்கம் தம்பிகள், மூன்று பேரும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திவோங்கே விழித்து, அந்தம்மாவைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தனிக் கட்டில் இருக்குல்ல? ஏன் அங்க படுக்கல?"

"தம்பிக்குத் தண்ணி வர்ற மாதிரி கனா வரும். நான் பக்கத்துல இருந்தா வராது."

"நடு ராத்திரியில அவன் எழுப்புறானா?"

"இப்போ எழுப்புறதில்ல. எனக்குத்தான் முழிப்பு வருது. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு அவனப் பாத்துட்டுப் படுத்துக்குவேன்."

அதிகாரியம்மா பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, சின்னவனின் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டார். பாலம் தெரிந்ததும் கிளம்பிப் போகும்போது அறிக்கையை என் கையில் கொடுத்தார். "ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில் உண்டு. எதில் படுப்பது என்பது பிள்ளைகள் விருப்பம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்கு நான் செய்த ஜெபம் எனக்கே நினைவில்லை, அழுதுவிட்டேன்.

ஆகையால் மைத்துனரே, கேட்காமல் அறுத்தது குற்றம், மன்னிக்கவும். ஆனால் தங்கள் கட்டிலால்தான் மூன்று பிள்ளைகள் பிரியாமல் இருக்கிறார்கள், மாசிதாவும் மேல்தட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் தங்கள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினோம், ஜனங்கள் எழுந்து நின்றார்கள். தங்களைத் திட்டுபவர்களின் வாய் சாந்தமாகவும், தங்கள் பழைய மாணவர்கள் தெருவில் தங்களைப் பார்த்தால் ஓடாமல் நிற்கவும், தங்கள் சோளம் புழு விழாமல் நிறையவும் கர்த்தர் அருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
சகேயு

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் லுசுங்குவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். அறுத்தது தங்கள் கட்டில் இல்லையாம், எங்களுடையதாம். தங்களுடையதை எங்கள் அறையில் பொருத்திப் போட்டுவிட்டாளாம். ஒரே மரத்தில் செய்த இரண்டு கட்டில் என்பதால் நான் கவனிக்கவில்லை. பத்து நாளாகப் புரண்டு படுத்தால் கிறீச்சென்று சத்தம் வரவில்லையே என்று தோன்றியது, எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். "ஏன்டி நம்மளோடதை அறுத்தே?" என்றேன். "இருபத்தெட்டு வருஷம் பிள்ளை இல்லாம அது சும்மா கிடந்துச்சுங்க. இப்போ அதுல நாலு பிள்ளைங்க தூங்குது" என்றாள். எனவே மேலே கேட்ட மன்னிப்பைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும், ஆனால் நன்றியை மட்டும் வைத்துக்கொள்ளவும். ஏனென்றால் இப்போதுதான் மோட்டார் சைக்கிளில் ஆள் வந்தது. திருமதி லுஹங்கா இன்னும் நாலு பிள்ளைகளை அனுப்புகிறாராம், "கைப்பிடி வைத்த கட்டிலாக இருந்தால் நல்லது" என்று சீட்டும் எழுதியிருக்கிறார். ஜைலோஸ் எங்கள் அறை வாசலில் ரம்பத்தோடு நிற்கிறார். தங்கள் சம்மதத்தைக் கடிதத்தில் தெரிவிக்கவும். அவசரமில்லை. தபால் வர ஒன்பது நாள் ஆகும், ஜைலோஸுக்கு இரண்டு நாள் போதுமாம்.