விரல் பணமும் மளிகைச் சீட்டும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். என்னோடு இருக்கும் நாற்பது பேரும் நலம். வெளியே விடாமல் பூட்டி வைத்திருப்பதால் நலமாக இருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையில்லை. உன் நலத்தை விசாரிக்கத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உன் மனைவிக்கும் என் மருமகளுக்கும் என் அன்பைச் சொல். இதைப் படித்து முடித்த பிறகு அவர்கள் அந்த அன்பை வாங்கிக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு பட்ஜெட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மூன்று வருஷமாக உங்களையெல்லாம் வெறும் சிரிப்பாலேயே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். வருஷா வருஷம் நிதி அமைச்சகத்தின் கீழ்த்தளத்தில், பட்ஜெட் எழுதுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடும் நான் எல்லோரையும் ஒன்பது நாள் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். போனை வாசலிலேயே பிடுங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து பட்ஜெட்டை வாசித்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும். முதல் வருஷம் வெளியே வந்தபோது தெருவே சூழ்ந்துகொண்டு "உள்ளே என்னக்கா பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டது. "தெரியாது" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை, திமிர் பிடித்தவள் என்று பேர்தான் வந்தது. இரண்டாம் வருஷம் அலுப்பில் பதில் சொல்லாமல் சும்மா சிரித்தேன். அவ்வளவுதான். தையல்காரர் கூலி வாங்க மறுத்தார், மீன்காரி ஒரு மீன் கூடப் போட்டாள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பேசினால் கிடைக்காத மரியாதை சிரித்தால் கிடைக்கிறதென்றால் நீ என்ன செய்வாய்? நானும் அதையேதான் செய்தேன்.

அந்தச் சிரிப்பை ரொம்பவும் நம்பியவன் நீதான் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. கம்பெனி அதற்கு ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. மீதி எட்டு விரலை வைத்துக்கொண்டு நீ ஊரில் பாதிப் பேருக்குப் போன் போட்டு "எதுல போடலாம்?" என்று கேட்டாய். ஒருத்தர் நிலம் என்றார், ஒருத்தர் தங்கம் என்றார், ஒருத்தர் தன் மச்சானிடமே கொடுக்கச் சொன்னார். உன் பொண்டாட்டி பேங்கில் போடு என்றாள். அவள் சொல்லிவிட்டாளே என்பதற்காகவே அதை மட்டும் நீ யோசிக்கவில்லை. இனி அந்த மெஷினுக்கு நீ திரும்பிப் போக முடியாது, மருமகளுக்கு அடுத்த வருஷம் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டும், இது போனால் இன்னொரு முறை வராத பணம். கொடுப்பதற்கு உன்னிடம் இன்னும் விரல் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே, அடிப்பேன்.

நான் உள்ளே வருவதற்கு முந்தின நாள் நீ வீட்டுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உள்ளேருந்து தினமும் மளிகைச் சீட்டு வெளியே போகும்ல?"

"போகும். நாப்பது பேர் சாப்பிடணும்ல."

"அது நம்ம மளிகைக்காரன் கடைக்குத்தானே போகுது? என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவன். எனக்குப் போன்ல படிச்சுக் காட்டிடுவான். எது ஏறப்போகுதோ அதைச் சீட்டுல கூடப் போடு. எது இறங்குமோ அதை வேணாம்னு எழுது. நான் புரிஞ்சுக்கிட்டு அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கிடறேன்."

"டேய், நான் சமைக்கிறவடா."

"அதான் நல்லது. யாருக்கும் சந்தேகம் வராது."

அப்போதே உன் தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் தம்பி, விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உன் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டே திரிந்தவன், அன்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசினாய். அதை அணைக்க மனசு வரவில்லை. அதனால் நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். சிரித்தேன்.

உள்ளே வந்ததும் வேலை மும்முரத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். நான்காம் நாள் சர்க்கரை டப்பா அடி தெரிந்தது. அச்சுக்காரர்கள் ஆளுக்குப் பத்து டீ குடிக்கிறார்கள். வரிப் பிரிவு அம்மா ஒருத்தர் இருக்கிறார், வரியம்மா என்று பேர் வைத்திருக்கிறேன், அவருக்கு ஒரு டீக்கு மூன்று ஸ்பூன் வேண்டும். அதனால் சீட்டில் சர்க்கரை முப்பது கிலோ என்று எழுதி வாசல் காவலரிடம் கொடுத்தேன். அவர் மீசையைப் பார்த்தால் அதற்கே தனிச் சம்பளம் கொடுக்கலாம், அதனால் அவருக்கு நான் வைத்த பேரே மீசைதான். "முப்பது கிலோவா? எதுக்கு இவ்ளோ?" என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அதற்குள் சீட்டு போய்விட்டது. அந்த நேரம் நீ எங்கே இருப்பாய், விரல் பணத்தை எடுத்துக்கொண்டு சர்க்கரை ஆலைப் பங்கு வாங்க ஓடிக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று 'சர்க்கரை வேண்டாம், வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். கடைக்காரர்களும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகுதான் உறைத்தது, முதல் நாள் வாங்கியதை நீ இப்போது நஷ்டத்துக்கு விற்பாய் என்று. இனி எதை எழுதினாலும் வம்பு. உப்பு எழுதினால் உப்புக் கம்பெனி, தீப்பெட்டி எழுதினால் தீப்பெட்டிக் கம்பெனி. ஒரு மனுஷன் சாப்பிடுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது என்பது எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்தது. ஆறாம் நாள், நீ எதையுமே கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எழுதினேன். உப்பு கால் கிலோ, பருப்பு கால் கிலோ, எண்ணெய் கால் லிட்டர், சோப்பு அரைக் கட்டி.

அந்த அரைக் கட்டி சோப்புதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. "நாப்பது பேருக்கு அரைக் கட்டியா? இதுல ஏதோ இருக்கு" என்று காவலர் மீசையை முறுக்கிக்கொண்டு என்னைப் பெரிய ஐயா முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பெரிய ஐயாதான் இங்கே எல்லோருக்கும் மேலே. அவர் மேஜையில் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. பக்கத்தில் சர்க்கரை இல்லாத டீ, ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தது, ஆறிப்போயிருந்தது. பயத்தில் பொய் வரவில்லை. உன் விரலில் தொடங்கி என் சிரிப்பு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மொத்தப் பணமும் அதுதானா?"

"ஆமாங்கய்யா. அது போனா ஒண்ணுமில்ல. நீங்களே சொல்லுங்க, எதுல போட்டா நல்லது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பட்ஜெட்டை எழுதறதே நீங்கதானே ஐயா?"

"எழுதறது நான்தான். அதைக் கேட்டுட்டு மறுநாள் சந்தை என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? போன வருஷம் ஏறும்னு நினைச்சேன், இறங்கிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் இறங்கும்னு நினைச்சேன், அப்பவும் இறங்கிடுச்சு."

"உங்க பணத்தை எதுலங்கய்யா போட்டிருக்கீங்க?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அதெல்லாம் எங்க வீட்டம்மா பாத்துக்கறாங்க. கேட்டா திட்டுவாங்க."

தம்பி, நாட்டுக்கே கணக்குப் போடுகிறவர் வீட்டில் பொண்டாட்டி சொல்வதைக் கேட்கிறார். இதை நான் உனக்குச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் வரியம்மா சமையலறைக்கு வந்து உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். பெரிய ஐயா அனுப்பினாராம். "உங்க ஸ்டோர் ரூமை வெச்சே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். கீரை இன்றைக்கு, கிழங்கு இந்த வாரத்துக்கு, அரிசி மாசம் முழுக்க. பணத்தையும் அப்படித்தான் பிரித்து வைக்க வேண்டுமாம். ஆறு மாச வீட்டுச் செலவு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மருமகள் படிப்புக்கு அடுத்த வருஷம் வேண்டியது பேங்க் டெபாசிட்டில் கிடக்கட்டும், அதைக்கொண்டு விளையாடக் கூடாது. பத்து வருஷத்துக்குத் தொடவே போவதில்லை என்று ஏதாவது மிஞ்சினால் அதில் கொஞ்சத்தை, ஒரே கம்பெனியில் போடாமல், நூறு கம்பெனியைச் சேர்த்து வாங்குகிற ஃபண்டில் மாசா மாசம் போடலாம், அது ஏறும், இறங்கும், தூக்கம் கெடாதவன் போடலாம். "அப்ப பேசாம பீரோவுலயே வெச்சிடட்டுமா?" என்றேன். "பீரோவுல பாச்சை உருண்டை போட்டா என்ன ஆகும்?" என்றார். கரைந்துபோகும். யாரும் எடுப்பதில்லை, பூட்டு அப்படியே இருக்கும், ஒரு நாள் திறந்தால் பட்டாணி அளவுதான் இருக்கும். விலைவாசி ஏற ஏறப் பணமும் அப்படித்தானாம். பூட்டை உடைக்காமலே எடுக்கிற திருடன் அந்த விலைவாசிதான்.

அரசாங்கப் பத்திரம் என்றால் என்ன என்றும் கேட்டேன். செலவுக்கு வரிப்பணம் போதாமல் அரசாங்கம் நம்மிடம் வாங்குகிற கடனாம்.

"அப்ப எனக்குச் சம்பளம் குடுக்கிறவங்களுக்கு நானே கடன் குடுக்கணுமா?"

"ஆமா."

"சம்பளமே மூணு நாள் தள்ளித்தானே தர்றீங்க?"

"தராம இருந்திருக்கோமா?"

உண்மைதான். தராமல் இருந்ததில்லை. அதனால்தான் அதில் வட்டி குறைவு, தூக்கம் அதிகம் என்றார். கடைசியாக ஒன்று கேட்டேன். இத்தனை கட்டுத் தாளில் என் தம்பி மாதிரி ஆள் எங்கே இருக்கிறான்? அவர், "'இதர செலவுகள்'னு ஒரு வரி வரும், அங்கே இருப்பார்" என்றார். எங்கள் சாப்பாட்டுச் செலவும் அந்த வரியில்தானாம். அப்படியென்றால் நீயும் நானும் ஒரே வரியில் இருக்கிறோம். எனக்கு அது போதும் போல இருந்தது.

ஆனாலும் உனக்கு எப்படிச் சொல்வது? பெரிய ஐயா கையை விரித்துவிட்டார். "வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது. மளிகைச் சீட்டு மட்டும்தான் போகலாம். நாளைக்கு என்ன வேணுமோ எழுதுங்க" என்றார். நானும் அவர் முன்னாலேயே எழுதினேன்: 'எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதே போதும்.' அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுதியபடி நடக்க வேண்டுமல்லவா, இரண்டு நாளாக நாற்பது பேரும் உப்புப் போட்ட சோறும் கிழங்கும் வெறும் டீயும்தான். உன் விஷயம் அதற்குள் எல்லோருக்கும் பரவியிருந்தது. மீசை மட்டும் வந்து, "உங்க தம்பி வாங்காம இருப்பாரா?" என்றார். உப்புச் சோறு தின்ற கோபத்தில் அவர்கள் எதிலாவது வரியை ஏற்றியிருந்தால் நாட்டு மக்கள் என்னை மன்னிக்கட்டும்.

நாளைக் காலை மந்திரி வாசிக்கிறார். இது உன் கைக்கு வரும்போது நடந்தது நடந்திருக்கும். பணம் போயிருந்தால் என்னைத் திட்டு. நான் ரிட்டயர் ஆகும்போது வருவதில் மருமகள் படிப்புக்கு நான் கட்டுகிறேன். அதைச் சிரிக்காமல் சொல்கிறேன். தாள் ஒல்லி ஒல்லியாக இருக்கிறதே என்று பார்க்காதே, அச்சுக்காரர்கள் வெட்டிப் போட்ட ஓரம் இது. மீசை இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். மீதி எட்டு விரலோடும் நீயும் உன் குடும்பமும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அக்கா

பின்குறிப்பு: கதவு திறந்து போன் கைக்கு வந்ததும் முதலில் உனக்குத்தான் அடித்தேன். நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், உனக்கே மறந்துபோகும். "என்ன சீட்டுக்கா? சப்ளை இந்த வருஷம் வேற கடைக்குப் போயிடுச்சுன்னு நம்மாளு முதல் நாளே சொல்லிட்டான். எனக்கு ஒண்ணும் வரல. இவ வேற தினம் பிடுங்கினா. பாதியை பேங்க்ல, பாதியை அரசாங்கப் பத்திரத்துல போட்டுட்டேன்." ஆக, மேலே எழுதியது எதுவும் உனக்குத் தேவையில்லை. கிழித்துப் போடலாம் என்றால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. நாற்பது பேர் உப்புச் சோறு தின்றதை மட்டும் உன் பொண்டாட்டியிடம் சொல்லாதே.

இனிமேல் சிரிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று தெருமுனையில், "பேப்பர்ல போட்டது எல்லாருக்கும் தெரியும். போடாதது என்னக்கா?" என்று வழக்கம்போலச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கடையில் கால் கிலோ சர்க்கரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று கடையிலும் சர்க்கரை தீர்ந்துவிட்டது. நான் வாங்கி வந்ததையும் மீன்காரி கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனாள். இன்று காலையும் வெறும் டீதான்.