கபீர் வள்ளலான கதை

கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா கபீர் காதுல விழுந்துரும். கீழக்கரையில ஒரு வீட்டுல தும்முனா அடுத்த வீட்டுல மூக்கைத் துடைப்பாங்க.

சவூதியில இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிட்டு, வேலையை முடிச்சுக்கிட்டு, நோன்பு மாசத்துல ஊர் வந்து சேர்ந்தார் கபீர். வந்த நாலாம் நாளே ஒரு முடிவெடுத்தார். ஊரே தன்னை வள்ளல்னு கூப்பிடணும். கொண்டுவந்த பணம் அத்தனையும் பெருநாளைக்கு முந்தி ஏழைகளுக்கு!

பொண்டாட்டி சஃபா நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தாள். கண்ணுல தண்ணி. வெங்காயத்தாலயா, சேதியாலயான்னு அவருக்குத் தெரியலை.

"கொடுங்க மச்சான், வேணாங்கலை. பாதியைக் கொடுங்க. மீதியை வச்சு ஒரு தொழில் பாருங்க. நாளைக்கு ஒரு மாத்திரை வாங்கணும்னா?"

"அல்லா தருவான் புள்ளே."

"அவன் தந்ததைத்தானே இப்ப வாரி விடப் போறீங்க!"

"பொம்பளை புத்தி. சுருக்குப் பையைத் தாண்டாது."

வாய் அல்லான்னு சொல்லுச்சே தவிர, மனசு நினைச்சது சஃபாவோட நகை இருக்கிற பேங்க் லாக்கரை. அந்த ஊர் வழக்கத்துல வீடு பொண்ணுக்கு, நகையும் பொண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுல வந்து இருக்கணும். ஆக, தன் காசுல பேரு, அவ நகையில சோறு. லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி நாலு பக்கமும் பார்த்துத்தான் போட்டு வச்சிருந்தார் திட்டத்தை.

சனிக்கிழமை காலையில பணக் கவர் நிறைஞ்ச பையோட வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தார். தெரு முக்கு வரைக்கும் வரிசை. மூணாவதா வந்தவர் கையில ரெண்டு போன். ஒண்ணுல பேசிக்கிட்டே இன்னொண்ணுல வள்ளலைப் படம் பிடிச்சார். பக்கத்து வீட்டு ஹசன் அலி, அண்ணன்னு கூப்பிடுற ஊர் முறையில, "கபீர் காக்கா, உங்க கை மாதிரி கை ஊருலயே இல்லை"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு கவர்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது பை காலி. நெஞ்சு மட்டும் பூரி மாதிரி உப்பிக் கிடந்துச்சு. உள்ளே வந்தார்.

"சஃபா, வண்டிக்குப் பெட்ரோல் போடணும். ஒரு ஐநூறு தா."

"வள்ளலுக்கு எதுக்கு ஐநூறு?"

"வெளையாடாதே. லாக்கர்ல சும்மா கெடக்கிறதுல ஒரு வளையலை..."

"தொடப்படாது. நாளைக்கு நம்ம ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்கு வேணும். சோறு போடுறேன், கைலி துவைச்சுத் தாரேன். கைச்செலவு வேணும்னா சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாசலுக்கு வாங்க. அந்த நகைக்கு வருஷா வருஷம் கொடுக்கவேண்டிய தருமம், சக்காத், இன்னைக்குத்தான் கொடுக்கிறேன்."

"அது ஏழைகளுக்குல்ல?"

"இப்ப நீங்க யாரு மச்சான்?"

கபீர் சட்டையை மாட்டிக்கிட்டு, ஊருக்கு மார்க்கச் சட்டம் சொல்ற சதக்கத்துல்லா ஆலிம்சாகிட்ட ஓடினார். "பொண்டாட்டி சக்காத்தைப் புருஷன் வாங்கலாமா? கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

ஆலிம்சா தாடியைத் தடவினார். "பொண்டாட்டிக்குச் சோறு போடுறது உம்ம கடமை. அதனால உம்ம சக்காத்தை அவளுக்குக் கொடுக்கப்படாது. உமக்குச் சோறு போடுறது அவ கடமை இல்லையே. நீர் ஏழைன்னா தாராளமா வாங்கலாம். காலையிலேயே சஃபா ஆளனுப்பிக் கேட்டுக்கிட்டா."

அஸர் முடிஞ்சு வாசலுக்கு வந்தா, காலையில பார்த்த அதே வரிசை. கடைசியில போய் நின்னார். முன்னாடி நின்ன ஹசன் அலி வழிவிட்டார். "நீங்க முன்னாடி போங்க காக்கா. உங்களுக்குத்தான் அவசரம்."

தலை குனிஞ்சு கை நீட்டினார். கவர் வரலை.

"உங்ககிட்ட காசாக் கொடுத்தா அடுத்த நிமிஷம் அடுத்தவன் பையில இருக்கும்" என்றாள் சஃபா. "பொருளாக் கொடுக்கலாமான்னும் ஆலிம்சாகிட்ட கேட்டுட்டேன். அங்கன பாருங்க."

சந்துல ஒரு தள்ளுவண்டி. அடுப்பு, பாய்லர், வரிசையா கிளாஸ். புது பெயிண்ட் வாசம்.

கூட்டம் கைதட்டுச்சு. "நம்ம வள்ளல் டீக்கடை!"ன்னு யாரோ கத்தினாங்க. அவ்வளவுதான். கபீருக்கு நெஞ்சு மறுபடி உப்பிருச்சு. வண்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கையைத் தூக்கினார்.

"இன்னைக்கு நோன்பு தொறந்த பொறகு எல்லாருக்கும் டீ ஓ..."

'சி' வெளியே வாரதுக்குள்ள சஃபா ஒரு அட்டையைக் கொண்டுவந்து வண்டி முகப்புல மாட்டினாள்: "தருமம் வெள்ளிக்கிழமை மட்டும்."