திரும்பி வரும் பொன்னாடை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் தலைவர் போர்த்திய பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர் ஒரு மழைநாள்வரை பிறந்திருக்கவில்லை.

பதினெட்டு வருடங்களாக அவர்தான் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர். மன்றத்துக்கு இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. விழாவில் பிரதம விருந்தினருக்குப் போர்த்துவார். படமும் விருந்தும் முடிந்ததும், "கசங்குது, தாங்கோ, மடிச்சுத் தாறன்" என்று வாங்குவார். மடித்த பொன்னாடையை ஒளித்து வைப்பது செயலாளரான என் பொறுப்பு. அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

ஒரு வருடம் விருந்தினர் கிடைக்கவில்லை. முந்தைய வருடம் வந்த பல் டாக்டரையே திரும்ப அழைக்கலாம் என்றேன். அப்படிப்பட்ட யோசனைகள் எனக்குத்தான் வரும். போர்த்தியதும் டாக்டர் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"இது நான் போனமுறை ஊத்தின பருப்புக்கறியின்ர கறை எல்லோ?"

அடுத்த வாரமே உபதலைவி அக்கா நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். "போட்டதைக் கழட்டி வாங்கிற மன்றம் உலகத்திலை எங்கையும் இருக்கோ?"

தலைவரைத் தவிர நிர்வாகத்தில் ஏழு பேர். ஆதரவு கேட்டுத் தலைவர் ஏழு வீட்டுக்கும் மட்டன் ரோல்ஸுடன் ஏறி இறங்கினார்.

"தம்பி, இதுவும் போனா ஞாயிற்றுக்கிழமையிலை எனக்கு என்ன வேலை? என்ர பக்கம் நிப்பீர்தானே?"

"ஓம் அண்ணை, உயிர் போனாலும்!" ரோல்ஸ் வாயில் இருந்தபோது சொன்னது. மறுநாள் அக்கா கேக்குடன் வந்தார். அவருக்கும் ஓம் சொன்னேன்.

கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. தலைவருக்கு மூன்று, எதிராக மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினேன். என் சப்பாத்தில் நாடாவே கிடையாது. தலைவர் அதைக் கவனித்துவிட்டார்.

"பாவம், அவர் நிமிரட்டும். நானே விலகிறன்."

வெளியே மழை. வழக்கம்போல் நான் ஜாக்கெட் இல்லாமல் வந்திருந்தேன். முகம் காட்டாமல் நழுவப் பார்த்தவனைப் பின்னாலிருந்து ஏதோ மூடியது. பொன்னாடை.

"உமக்கு இன்னும் ஒருத்தரும் போத்தேல்லை, என்ன? நனையாமல் போம்," என்றார் தலைவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை என்னைக் காப்பாற்றியது.

அது இன்னமும் என் அலுமாரியில், கறையோடு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். ஒருநாள்கூட "தாரும், மடிச்சுத் தாறன்" என்று அவர் கேட்டதே இல்லை.