தண்ணீர் கலந்த பத்துப் பூஜ்யங்கள்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் மீட்டர்காரரின் கண்ணுக்குத் தப்பிய தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும்தான். மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் முப்பது வருடம் பால் பரிசோதித்தவர். கண்ணாடி லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். அவர் நிமிர்வதற்குள் கேன் கொண்டுவந்தவருக்கு வியர்த்துவிடும். "தண்ணி" என்ற ஒரே சொல்தான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகும் மீட்டர் அவருடைய தோள்பையை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்குள் புகுந்து பாயசத்துக்கு வைத்த பாலைச் சோதிப்பார். ஒருமுறை கோயில் அபிஷேகத்துக்கு வந்த பாலை வழிமறித்து, "ஏனுங்க பூசாரி, ஆத்தா பேசமாட்டான்னு என்ன வேணா ஊத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டார். வேறு குடம் வரும்வரை அம்மன் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்டவர் கையில் நான் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தேன். என் தைரியத்தைப் பாருங்கள்.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியின் முடக்குவாதப் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தேன். இந்த நோய்க்காரர்களுக்கு மூட்டு வலியோடு ஓர் அசதியும் வரும். தூங்கி எழுந்தாலும் போகாது. அதை அளப்பதற்காக வெளிநாட்டில் எழுதிய கேள்விகளைத் தமிழாக்கியிருந்தார்கள். பூஜ்யம் என்றால் அசதி துளியும் இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. அந்தத் தமிழ் நம் ஜனங்களுக்குப் புரிகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுவது என் வேலை. "வீக்கம் என் கண்ணுக்குத் தெரியும், ரத்தத்தில உள்ளத லேப் பறயும். க்ஷீணம், இந்த அசதி மட்டும் அவங்க சொன்னாத்தான் உண்டு" என்பார் எங்கள் டாக்டரம்மா, பாதி மலையாளத்தில். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது அந்தப் பதில்களையும் பார்ப்பார்.

மீட்டர்காரருக்கும் இதே முடக்குவாதம்தான். தாளை வாங்கியதும் படிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத எழுதுனது யாருங்க அம்மணி?"

"வெளிநாட்டுல எழுதுனதுங்ணா. இங்க தமிழ்ல மாத்தியிருக்காங்க."

"அப்ப ரெண்டு கை மாறியிருக்குது. கலப்படம் இருக்கும், பார்த்துக்கலாம்."

பார்த்தார். 'களைப்பின் காரணமாகச் சமூக நிகழ்வுகளைத் தவிர்த்தீர்களா?' என்ற இடத்தில் விரல் நின்றது.

"சமூக நிகழ்வுன்னா என்னங்க, கட்சி மீட்டிங்கா?"

"கல்யாணம், காதுகுத்து, அந்த மாதிரிங்ணா."

"அதையே எழுதிப் போடறதுக்கு என்னங்க கேடு?"

எழுதிக்கொண்டேன். படித்தவர்கள் பல நாள் உட்கார்ந்து செய்த தமிழில் அன்று ஒரே நாளில் ஏழு இடங்களில் தண்ணீர் கண்டுபிடித்தார். ஏழும் சரி.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தன் முறை இல்லாத நாட்களிலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களின் பதில்களையும் சோதிக்கத் தொடங்கினார். ஓர் அம்மாள் 'இரண்டு' என்று வட்டம் போட்டார்.

"ஏனுங்க்கா, இன்னைக்குக் காத்தால உங்க தலையச் சீவிவுட்டது யாரு?"

"எம்பட புள்ளைங்க."

"சேலை?"

"அவளேதானுங்க கட்டிவுட்டா."

"அப்பறம் என்ன ரெண்டு? தண்ணி!"

அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு இரண்டை அடித்துவிட்டு ஒன்பதுக்கு வட்டம் போட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மீட்டர்காரர் மெதுவாக, "பால்ல தண்ணி ஊத்தறவனப் பார்த்திருக்கறேன். நோவுல ஊத்தறத இங்கதானுங்க பார்க்கறேன்" என்றார்.

விஷயம் டாக்டரம்மாவுக்குப் போயிற்று. "சேட்டா, நீங்க பதில் சொல்லிக் கொடுக்கான் பாடில்ல, கூடாது கேட்டோ!"

"சொல்லிக் குடுக்கலீங்க டாக்டரு. டெஸ்ட் பண்றனுங்க."

மருந்துக் கவுண்டர் பக்கம் நாடு கடத்தப்பட்டார். அங்கே கேன்டீன் டீக்கு வைத்த பால் அவர் மீட்டரில் மாட்டிக்கொண்டது.

இவ்வளவு கறாரான மனிதர் தன் தாளில் என்ன போட்டிருந்தார் தெரியுமா? பத்துக் கேள்விக்கும் பூஜ்யம். பேனாவை விரலிடுக்கில் செருகி, மணிக்கட்டை மேஜையில் ஊன்றி, சிரமப்பட்டுப் போட்ட பத்து வட்டம். "எனக்கு அசதிங்கறதே இல்லீங்க" என்றார். டாக்டரம்மா தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நிஜம்னா இந்த மருந்தே மதி, போதும்" என்று எழுதி வைத்தார். நிஜமில்லை என்றால், போதாத மருந்தோடு இந்த மனிதர் நாளுக்கு நாள் ஒடுங்கிப் போவார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து அதே தாளை அதே ஆளிடம் மறுபடி கொடுக்க வேண்டும். பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அப்படி ஒரு விதி. நான் அவர் வீட்டுக்கே போனேன். காலை ஒன்பதரை மணி. தொழுவத்தில் ஒரே ஒரு பசு. கவிழ்த்து வைத்த பால் கேன்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்த மீட்டர்காரர், "வாங்க அம்மணி" என்றார், தாளை வாங்கினார், முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார்.

அவர் மனைவி ருக்குமணியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஆறு மாசமா இப்பிடித்தானுங்க. பால் கறக்கறது, சாணி அள்ளறது எல்லாம் நாந்தான். இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவுடறதும் நாந்தான். அப்பனுக்கு முடியலைன்னு தெரிஞ்சா, பையன் மாட்ட வித்துப்போட்டு எங்களக் கோயமுத்தூரு பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவான். அதுக்குப் பயந்துட்டு ஆஸ்பத்திரிலயும் பொய்யிங்க."

பேச்சுச் சத்தத்தில் விழித்தவர், ஒன்றுமே நடக்காததுபோல் பேனாவைப் பூஜ்யத்தின் பக்கம் கொண்டுபோனார். அக்கா ஆணியில் தொங்கிய தோள்பையிலிருந்து லாக்டோமீட்டரை எடுத்து வந்து அந்தத் தாளின்மேல் வைத்தார்.

முப்பது வருடமாக அந்த மீட்டருக்கு முன்னால் எத்தனையோ பேர் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். அன்று அவர் முறை.

"மாட்ட விக்க நான் உடமாட்டனுங்க, அதுக்கு நானாச்சு" என்றார் அக்கா. "நீங்க நெசத்தச் சொல்லுங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன். மீட்டரை உருண்டுவிடாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "போன வாரத்துப் பேப்பர்ல தண்ணிங்க அம்மணி" என்றார். பிறகு ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். ஒன்பது. எட்டு. ஒன்பது. உடை உடுத்துவது பற்றிய கேள்விக்குப் பத்து.

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு மறுபடி பரிசோதித்து மருந்தை மாற்றினார். அக்கா மகனிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பசு இன்னும் அதே தொழுவத்தில்தான் நிற்கிறது.

சிக்கல் இந்தக் கேள்வித்தாள் ஆய்வை நடத்தும் எங்கள் தலைமை அலுவலகத்தில்தான். பூஜ்யம் போட்ட ஆள் ஒரே வாரத்தில் ஒன்பது போட்டால் அவர்களுக்கு உதைக்காதா? 'இவருடைய பதில்கள் நம்பத்தக்கவை அல்ல. பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?' என்று கேட்டு எழுதினார்கள். பதில் எழுத விட்டிருந்த கட்டம் ரொம்பச் சின்னது. இருந்தாலும் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்பினேன்: 'நீக்க வேண்டாம். இரண்டாவது தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத் தெரிந்த மனிதர்களில் இவரைத்தான் நான் முழுதாக நம்புவேன்.'