போஸ்மார்ட்டம் சொன்ன காரணம்

வாடிக்கையாளரைத் திட்டித் திட்டியே தொழிலை வளர்த்தவர் என்று ஜோகூரில் ஒருவருக்குச் சிலை வைக்கலாமென்றால், அதை எங்கள் போஸ்மார்ட்டத்துக்குத்தான் வைக்க வேண்டும். வைத்த மறுநாளே அந்தச் சிலை போகிற வருகிறவர்களை நிறுத்தி, கியர் எண்ணெய் மாற்றி எத்தனை வருஷமாயிற்று என்று கேட்க ஆரம்பித்துவிடும். நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஸ்கூடாயில் ஒரு கடைவரிசைக்குப் பின்னால் அவருடைய வொர்க்‌ஷாப். தானாக கியர் மாறும் ஆட்டோ கார்களின் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பார். பிரேக், ஏர்கோன் என்று வாயைத் திறந்தால், அதற்கெல்லாம் ஆஸ்பத்திரி வேறு இடத்தில் இருக்கிறது என்று விரட்டிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’. முதுகுக்குப் பின்னால் போஸ்மார்ட்டம்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் எந்த கியர்பாக்ஸையும் அவர் திறக்க மாட்டார். எப்போதோ ஒரு புண்ணியவான், நல்ல பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓட்டைப் பாகத்தைப் போட்டுவிட்டாய் என்று அவர்மீது பழி சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து சட்டம் இது: முதல் போல்ட்டிலிருந்து கடைசி வளையம்வரை நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பசியாறப் போகிறேன் என்று எழுந்தால் அவரும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நீங்கள் திரும்பி வந்தால்தான் வேலை நகரும்.

எல்லாவற்றையும் கழற்றி, அட்டைகளின்மேல் வரிசையாக அடுக்குவார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசை கட்டி நிற்பதுபோல் அத்தனை பாகமும் நிற்கும். கடைசியில் எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸ் எதனால் செத்தது என்று எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி அறிவிப்பார். யார் இருக்கிறார்கள், யார் மானம் போகிறது என்ற கவலையே கிடையாது.

ஒரு முறை ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த மாதம் முழுக்க ஃபேக்டரியில் ஓவர்டைம், வீட்டுக்கும் வேலைக்கும் தவிர வண்டி எங்கேயும் போகவில்லை என்று கணவன் சாதித்தான். போஸ்மார்ட்டம் எரிந்த பிளேட்டைத் தூக்கிக் காட்டி, இது கேமரன் மலை மாதிரி ஒரு மலையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறிய வண்டி என்று அறிவித்துவிட்டார். அந்த மனைவி அங்கிருந்து தனியாக டாக்சி பிடித்துப் போனாள். கேட்டால், காடி, அதாவது கார், பொய் சொல்லாது, நான் என்ன செய்ய என்கிறார். இது ஒரு நியாயமா?

இப்படிப்பட்ட ஆளிடம் நான் போய் மாட்டிய கதைக்கு வருகிறேன்.

என் மனைவி ரீத்தா பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் ஆட்டோ வண்டிதான் ஓட்ட முடியும். நான் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். என் வலது கண்ணைச் சோதித்த டாக்டர், ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, வாசலில் நிற்கும் எங்கள் கிழட்டு ஆட்டோ கார்தான் ரீத்தாவின் கால். அது நின்றால் அவள் வேலையும் நிற்கும்.

நாலு வருஷத்துக்கு முன்பு அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. இதை என் மச்சானிடம் உளறினேன் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. ரீத்தாவின் அண்ணன் பிரான்சிஸ், சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறார். சேராத நேரடி விற்பனைத் திட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் அவர் விற்ற தண்ணீர் வடிகட்டி இருக்கிறது, அதில் தண்ணீர் வராது. காந்த வளையல் இருக்கிறது, அது என் கைமுடியைப் பிடுங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இனி அண்ணன் விற்கிற எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ரீத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயம் மச்சான் விற்றுக்கொண்டிருந்தது கியர்பாக்ஸ் டானிக். ஊற்றினால் போதுமாம், எந்தக் கிழட்டு கியரும் குமரியாகிவிடுமாம். நான் யோசித்தேன். வீட்டுக்குள் வரக்கூடாது என்றுதானே சொன்னாள், கார் வெளியேதானே நிற்கிறது? ரீத்தா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு போத்தல் ஊற்றினேன். இரண்டு வாரம் கார் அருமையாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு போத்தலும் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பெக்கான் நானாஸ் மேட்டில், பின்னால் அன்னாசி லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் ரீத்தாவைப் பள்ளியில் இறக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கோபப்படவில்லை. முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான ஃபாரத்தை மேசைமேல் வைத்தாள்.

“ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள காடி சரியாகலன்னா இத குடுத்துர்றேங்க. தெனம் யாரு காடியிலயாவது தொங்கிட்டு போக முடியாது” என்றாள்.

இருபத்தேழு வருஷம் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்த கை. அந்தக் கை ஃபாரத்தில் பெயரை எழுதிவிட்டு, கையெழுத்து போடாமல் நின்றிருந்தது. அதை அப்படி நிற்க வைத்தவன் நான்தான். அதைச் சொல்லாமல், நல்ல வொர்க்‌ஷாப்பாகத் தேடலாம் என்றேன்.

இரண்டு வொர்க்‌ஷாப்பில் கேட்டோம். ஒருவன் பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். இன்னொருவன் வண்டியைப் பார்க்காமலே, வேறு காரிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டலாம், உத்தரவாதம் கிடையாது என்றான். வேறு வழியில்லாமல் இழுவை வண்டியில் போஸ்மார்ட்டத்திடம் போனோம்.

மனுஷன் காரைத் தொடவில்லை. யார் ஓட்டுவது என்று கேட்டு, ரீத்தாவைப் பார்த்து மட்டும் பேசினார். டி-யில் போட்டால் மூன்று எண்ணும்வரை நிற்கிறது, பிறகு இடித்துக்கொண்டு கிளம்புகிறது, மேட்டில் இன்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை என்று ரீத்தா பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். இப்படிச் சொல்பவர்கள் வந்தால் பாதி வேலை மிச்சம் என்று பாராட்டினார். நடுவில் நான் ஒரு கருத்துச் சொன்னேன். ஓட்டாதவர்கள் பேச வேண்டாம் என்றார். எனக்கு அறுபத்திரண்டு வயது!

பிறகு எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, வெள்ளை டிஷ்யூவில் துடைத்தார். பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். நேராக என்னைப் பார்த்தார்.

“தீஞ்ச வாசம் சரி. கூடவே மிஞ்ஞாக் ஆங்கின் வாசம் வருதே. காடிக்கு சளி ஏதும் புடிச்சிச்சா?”

தலைவலித் தைலம் காருக்கு எதற்கு என்று ரீத்தா சிரித்தாள். நான் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீத்தாவுக்கு முட்டியை மடக்கி உட்கார முடியாது. ஆகவே காவலுக்கு உட்கார்ந்தது நான். அவர் கொடுத்த முக்காலி என் கணுக்கால் உயரம்தான். முப்பது வருஷம் அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவன், அதில் குத்தவைத்து உட்கார்ந்தேன். போன் பேசக்கூடாது. கொட்டாவி விடக்கூடாது. அடிச்சட்டியைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தில் கறுப்புச் சேறு அப்பியிருப்பதை விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கிளட்ச் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னார். மேலே ஒட்டியிருந்த பூச்செல்லாம் எரிந்து, வெறும் இரும்பாகத் தோசைக்கல் நிறத்தில் இருந்தன. எண்ணிக்கையில் ஒன்று தவறினேன். முதலிலிருந்து எண்ண வைத்தார்.

மூன்றாம் நாள், உள்ளேயிருந்து எண்ணெய் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ ரப்பர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊறிப்போன அப்பளம் மாதிரி தொளதொளவென்று இருந்தது.

“அமுக்கி பாருங்க சார். வயசானா ரப்பர் காஞ்சி, கல்லாயி, வெடிக்கும். இது ஊறி பெருத்துருக்கு. என்னமோ குடிச்சிருக்கு.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

“ரெண்டு போத்தல்ண்ணே” என்றேன். “மச்சான் குடுத்தாரு.”

“டீச்சருக்கு தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா செத்தேன்.”

அவர் அந்த ரப்பரை வாங்கி அட்டையில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டார். சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? கல்நெஞ்சன் என்று மனசுக்குள் திட்டினேன்.

புது பிளேட்டுகள் ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறின. எண்ணெய் ஓடும் சந்துகளையெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினார். எல்லா சீலும் புதுசு. சேர்த்து முடித்து, ஒவ்வொரு துவாரத்திலும் காற்றடித்து என்னைக் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே கிளட்ச் பிடித்தால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டது. நாலாவது முறை புஸ்ஸென்றது.

மனுஷன் முழுவதையும் மறுபடி பிரித்தார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, ஃபாரம் மேசைமேல் இருக்கிறது, கொஞ்சம் காற்று போனால் என்ன, மாட்டிக் கொடுங்கள் என்று நான் குதித்தேன்.

“டீச்சர மறுபடி அந்த மேட்டுல நிக்க வைக்கணுமா?” என்றார். நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கார் தயார். ரீத்தாதான் ஓட்ட வேண்டும் என்றார். அவர் முன்னால், நான் பின்னால். பெக்கான் நானாஸ் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மட்டும் தூக்கினார். அவர் விரலைப் பார்க்காவிட்டால் கியர் மாறியதே தெரியாது. அந்தப் பழைய மேடு வந்தது. ரீத்தா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கார் சத்தமில்லாமல் ஏறியது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் நின்றது.

திரும்பி வந்து இறங்கியபோது வொர்க்‌ஷாப்பில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். போஸ்மார்ட்டம் இடுப்பில் கையை வைத்தார். நான் மெல்ல காருக்குப் பின்னால் நகர்ந்தேன்.

ரீத்தா முந்திக்கொண்டாள். “ஏன்ண்ணே போச்சு? என் ஓட்டுல ஏதும் தப்பா?”

“உங்க ஓட்டுல ஒரு தப்பும் இல்ல டீச்சர்” என்றார், எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி. “வயசாயிருச்சி. அவ்ளோதான் லா.”

பிறகு என் பக்கம் திரும்பி, கண் சரியில்லாதவர்கள் இனிமேல் பானெட்டைத் திறக்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் ஒரு அறிவுரை. அதையும் விடவில்லை பாருங்கள்.

ரீத்தா அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டாள். இன்றைக்கும் அதே காரில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

இத்தனை வருஷம் கழித்து இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் என் மச்சான் ஏழெட்டுப் பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு டானிக் விற்றுக்கொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. என் தங்கச்சி காரைப் பாருங்கள், அந்த ஸ்கூடாய் ஆள் கடைசிவரை காரணம் கண்டுபிடிக்க முடியாமல் வயசு என்று சொல்லிச் சமாளித்துவிட்டான், என் டானிக்கை ஊற்றியிருந்தால் கியர்பாக்ஸ் போயே இருக்காது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரே விற்றது, அவரே என் கையில் கொடுத்தது! ரீத்தா மட்டும், ஸ்கூடாய் அண்ணன் வயசு என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மெல்லச் சொன்னாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஊமைத்தனத்தை நினைத்தால் இன்னும் என் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

ஊரான் மானத்தைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன், அன்று என் மானத்துக்காகத் தன் தொழிலில் ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டார். அதை வைத்து அவரையே தொழில் தெரியாதவர் என்கிறார்கள். இதை இனியும் பொறுக்க முடியாது.

ரீத்தா, வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் நீ முதலில் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாய். ஊற்றியது நான்தான். இரண்டு போத்தல். ஸ்கூடாய் அண்ணனுக்குக் காரணம் அன்றைக்கே தெரியும். படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவரை மட்டும் ஒன்றும் கேட்டுவிடாதே, ரொம்ப நல்ல மனுஷன்.